ஒரு விரல் தூரத்தில் தண்ணீர்

வற்றிய கிணற்றிலிருந்து நாற்பதடி தள்ளித் தீர்த்தகிரி புதுக்கிணற்றுக்காகச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார். திங்கட்கிழமை வெடி வைக்கிறவர்கள் வருகிறார்கள். அதற்காகவே ஒரு சோடி மாட்டைக் காரிமங்கலம் சந்தையில் விற்றிருந்தார்.

"இந்த எடத்த யாருங்க காட்டுனாங்க?" என்று கேட்டாள் ராஜமேரி.

"நீதாம்மா. பஞ்சாயத்து ஆபீசுல ஒட்டியிருக்குதே, நீ வரைஞ்ச படம். அதுல பாத்தேன்."

ராஜமேரி கிணற்றிலிருந்து வட்டம்வரை நடந்து பார்த்தாள். கணக்கில் பட்டம் வாங்க ஆசைப்பட்டவள் அவள். அப்பா சவரிமுத்துவால் புகுமுக வகுப்புக்குமேல் படிக்கவைக்க முடியவில்லை. பிறகு ஓவியப் பரீட்சை எழுதி, தருமபுரியில் லீவில் போன டீச்சருக்குப் பதிலாக டிராயிங் சொல்லிக்கொடுத்தாள். அதுவும் முடிந்தபின், நிலத்தடி நீர் தேடும் சர்வே முகாமில் படங்களைப் படியெடுக்கச் சேர்ந்தாள். பாறைகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் கற்று, 1974இல் அவளே வரைந்த முதல் படம் அது. இந்த ஊர் நிலத்தைக் கத்தியால் அறுத்துப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற படம்.

மேலே மண். அடுத்து நொறுங்கிய பாறை. அடியில் கெட்டிப்பாறை. தண்ணீர் நொறுங்கிய பாறையின் இடுக்குகளில் தங்கும். அந்த நொறுங்கிய பாறை எங்கே பள்ளமாக ஆழ இறங்குகிறதோ அங்கே கிணறு வெட்டலாம்.

"படத்துல எங்கெணறு ஒரு வெரல் ஆழம். அந்தப் பள்ளம் ஒரு வெரல் தள்ளி. கெணறு நாப்பதடி ஆழம், அப்ப பள்ளமும் நாப்பதடி தூரந்தானே?" என்றார் தீர்த்தகிரி.

யோசித்தவிதத்தில் பிழை இல்லை. ஆனால் நிலம் நீளமானது. நமக்கு வேண்டிய ஆழமோ கொஞ்சம். இரண்டையும் ஒரே அளவில் வரைந்தால் அடுக்குகள் நூல்நூலாக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆழத்தை மட்டும் பத்து மடங்கு இழுத்து வரைவது வழக்கம். படத்தின் ஓரத்தில் அதை எழுதியும் இருந்தாள். ஓரத்தை யார் படிக்கிறார்கள்?

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் தாள்களை ஒட்டி நீட்டினாள். இப்போது ஆழத்துக்கும் நீளத்துக்கும் ஒரே அளவு. கிணறு அதே ஒரு விரல்தான்; பள்ளம் பத்து விரல், அதாவது நானூறடி, தள்ளிப் போயிற்று. கணக்குக்கும் பாறைக்கும் துணையாக ஓவியப் பரீட்சையும் அன்றுதான் உதவிக்கு வந்தது. படத்தில் நிலத்தின்மேல் தீர்த்தகிரியின் கொட்டகை, பனைமரம், எருமை எல்லாம் அதே அளவில் நின்றன. எருமை எறும்பளவு.

மாலையில் தீர்த்தகிரி படத்தின்மேல் விரலை நடத்தினார். கொட்டகையைத் தாண்டியது, பனையைத் தாண்டியது. வரப்பைத் தாண்டி அடுத்தவர் நிலத்தில் நின்றது.

"ஏம்மா, இது குப்புராஜ் காடாச்சே!"

"ஆமாங்க. தண்ணி அங்கதான் தங்குது. கூட்டுக்கெணறா வெட்டலாமுங்களே."

"பங்காளிதான். ஆனா பேச்சு விட்டுப்போயி வருசக்கணக்காச்சு." சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்தார். "நான் வந்து நிக்கறேன். பேசமாட்டேன். படத்த நீ காட்டு."

குப்புராஜின் களத்தில் படத்தை விரித்து ராஜமேரி எல்லாவற்றையும் விளக்கினாள். தீர்த்தகிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குப்புராஜ் குனிந்து படத்தைத் துழாவினார்.

"அவன் எருமகூட இருக்குது. எம் புளியமரத்தக் காணோமே? மரமில்லாத காட்டுல நான் எப்படிக் கெணறு வெட்டறது?"

"அது எரும இல்ல, எருமக்கன்னு," என்றார் தீர்த்தகிரி, வானத்தைப் பார்த்தபடியே.

ராஜமேரி பென்சிலை எடுத்தாள். "வரப்புலருந்து மரம் எத்தன அடிங்க?"

இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஆளுக்கொரு கணக்கு. ராஜமேரி பையிலிருந்த அளவு டேப்பின் ஒரு முனையைக் குப்புராஜிடமும் மறுமுனையைத் தீர்த்தகிரியிடமும் கொடுத்தாள்.