சோப்புப் படத்தில் வந்த கைகள்

"அத்தை, சிரிக்கிற அக்காவுக்கு எதுக்கு உன் கை?"

சினிமாக் கொட்டகையில் ஒரு சிறுமி சத்தமாகக் கேட்டாள். பெரிய படத்துக்கு முன்னால் சோப்புக் கம்பெனி எடுத்த விளம்பரப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நடிகை சிரித்தாள். அடுத்த கணம், மேகம் போன்ற நுரைக்குள் இரண்டு கைகள் சட்டைக் காலரைத் தேய்த்தன. நடிகைக்குத் துவைத்துப் பழக்கமில்லை. அதனால் கைகளுக்கு மட்டும் தொழிற்சாலையில் சோப்பு அடுக்கும் அத்தையைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"உஷ்! மானத்தை வாங்காதேடி," என்றாள் அத்தை. ஆனால் அவள் முகம் மலர்ந்திருந்தது.

தாயில்லாத அந்தச் சிறுமிக்குத் தலை வாரி, சோறூட்டி, ஆளாக்கியவை அந்தக் கைகள்தான்.

அந்தச் சிறுமி வளர்ந்து, இப்போது பழைய படச்சுருள்களைச் செப்பனிடும் கூடத்தில் வேலை செய்கிறாள். ஒருநாள் அதே சோப்புப் படம் அவள் மேஜைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை திரையிட வேண்டும்.

"கை வர்ற இடமெல்லாம் பூஞ்சைம்மா," என்றார் மேலாளர். "வெட்டிடுங்க. முகம் போதும். கையை எவன் பார்க்கப் போறான்?"

"சரிபண்ணிப் பார்க்கட்டுமா சார்?"

"ஆபீஸ் நேரத்துல வேண்டாம்."

சாயங்காலம் அத்தையிடம் படம் கிடைத்ததை மட்டும் சொன்னாள். அத்தையின் விரல்கள் வாதத்தில் மடங்கிப்போய், பொத்தான்கூடப் போட முடிவதில்லை.

"இன்னுமா இருக்கு அது? என்னையும் கூட்டிட்டுப் போடி. நல்லா இருந்தப்போ இந்தக் கை எப்படி இருந்துச்சுன்னு ஒருதரம் பார்த்துட்டாப் போதும்." பிறகு சிரித்தாள். "நல்லவேளை, முகத்தைக் காட்டல. கொட்டகை காலியாயிருக்கும்!"

மறுநாள் முதல், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரங்களில் அவள் கூடத்தில் தனியே இருந்தாள். மெல்லிய துணியை மருந்தில் நனைத்து, பூஞ்சையை ஒற்றி ஒற்றி எடுத்தாள். சுருளின் ஓரத்தில் கிழிந்திருந்த துளைகளை ஒட்டினாள். பெரிய காரியங்களை ஆண்டவன் பார்த்துக்கொள்வான், சின்னவற்றை நம்மிடம் விட்டிருக்கிறான் என்பது அவள் நம்பிக்கை.

வியாழக்கிழமை மதியம் சுருளைச் சிறு திரையுள்ள பார்வைப் பெட்டியில் ஓட்டினாள். நுரை பொங்கியது. அதற்குள்ளிருந்து இளம் விரல்கள், தூக்கத்திலிருந்து எழுவதுபோல் மெதுவாக வெளியே வந்தன. காலரைத் தேய்த்தன, அலசின, உதறின. ஓரிடத்திலும் அறுபடவில்லை.

விளக்கை அணைத்தாள். சுருளைத் தகர டப்பாவில் வைத்து மூடினாள். கை கழுவிவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்தாள்.