மூன்று சுற்றா, ஐந்து சுற்றா?

1

இந்தக் கதை பிறந்தது ஒரு பொய்யில். பெரிய பொய்கூட இல்லை, ஒரே வார்த்தை. அது நாலாம் பகுதியில் வரும். அதற்குள் எழுந்து போய்விடாதீர்கள். நானே மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். தாகமே இல்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "பூங்கா முழுக்கச் சேறு. அந்தச் சேற்றின் நடுவே ஒரு பெண்—"

நிறுத்திவிட்டேன். சேறும் பெண்ணும் வந்துவிட்டால் அடுத்ததாகத் தாமரை என்று எழுதக் கை பரபரக்கிறது. அவள் தாமரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வயது நாற்பத்தாறு. பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. ஊரில் பாதிப்பேர் அவள் கையால் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்ளோகிராஸ் பந்தயம். பந்தயக்காரர்கள் அவளை 'பல்லக்கா' என்பார்கள்.

2

சைக்ளோகிராஸ் என்றால் என்ன என்று சொல்லாமல் தப்பிக்க முடியாது. சொல்கிறேன், கொட்டாவி விடாதீர்கள். சேறு, மணல், மேடு, எல்லாவற்றிலும் சைக்கிளில் ஐந்து சுற்று வட்டமடிக்க வேண்டும். நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பலகை நட்டிருப்பார்கள். இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டி ஓடி, மறுபடி குதித்து ஏற வேண்டும். காசு கொடுத்தாலும் நான் செய்யமாட்டேன். இவர்கள் காசு கட்டிச் செய்கிறார்கள்.

ஒரு விதி முக்கியம். முதலாவதாகப் போகிறவர் ஒரு முழுச் சுற்று முந்திவந்து உங்கள் முதுகைப் பிடித்துவிட்டால், விசில் ஊதி உங்களை வெளியே எடுத்துவிடுவார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். மணி கேட்டு, ஐந்தாவது சுற்றையும் முடித்தவர்தான் முடித்தவர்.

பல்லக்கா பதினோரு பந்தயம் ஓட்டியிருக்கிறாள். பதினொன்றிலும் விசில். "ஜெயிக்கவெல்லாம் வேணாம். எனக்காக ஒரு தடவை அந்த மணி அடிக்கணும், அவ்ளோதான்" என்பாள்.

3

கணவன் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை.

முதல் வரைவில் அவனைத் தங்கமான மனுஷனாக எழுதினேன். பிட்டில்* நின்று, சேறு அப்பிய சைக்கிளை வாங்கிக்கொண்டு மாற்று சைக்கிளை நீட்டுபவன். படித்துப் பார்த்தால் வாயில் சர்க்கரையைக் கொட்டியது மாதிரி இருந்தது. இரண்டாம் வரைவில் பொறாமைக்காரனாக்கினேன். அதுவும் பொய். அவனுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. அவன் குறை வேறு: தன் தப்பு என்று தெரிந்தால் வாய் பூட்டிக்கொள்ளும்.

*பாதையோரம் சைக்கிள் மாற்ற விட்டிருக்கும் இடம். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தூரிகை, பதற்றத்தோடு ஒரு வீட்டுக்காரர்.

முடிவுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் சுற்றை எண்ணுவது ஒரு சிப். தீப்பெட்டி அளவில், ஒட்டுப்பட்டையோடு இருக்கும். கணுக்காலில் கட்டச் சொல்வார்கள். அவளுக்கு அங்கே கொப்புளம்.

"உறுத்துதுங்க. கட்டவே முடியல."

"குடு, சைக்கிள்லயே கட்டிடறேன். உன்கூடத்தானே வரப்போவுது?"

"சைக்கிள் மாத்தினா?"

"ரெண்டு செகண்டு வேலை. பர்ருனு பிரிச்சு அதுல ஒட்டிட மாட்டேனா?"

வீட்டு நடையில் இரண்டு சைக்கிளையும் நிறுத்தி ஒத்திகைகூடப் பார்த்தார்கள். பர். ஒட்டு. பர். ஒட்டு. ஒரு நாள் முழுக்க அந்தச் சத்தம்தான்.

4

பருவத்தின் கடைசிப் பந்தயம். அன்று காலை மழை—

(வேண்டாம். மழை பெய்தது, அவ்வளவுதான்.)

மூன்று சுற்று முடிந்தது. விசில் வரவில்லை! நாலாவதில் சக்கரத்தில் சேறு அடைத்துச் சுழலவே மாட்டேன் என்றது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டே பிட்டுக்கு ஓடிவந்தாள். "குடுங்க, குடுங்க, குடுங்க!" அவன் மாற்று சைக்கிளை நீட்டினான். அவள் தாவி ஏறினாள். அவன் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டு, "போ, போ, முதல் ஆள் இன்னும் வரல!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அவளுக்காக. அவனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அந்தக் கண்ணோடு குனிந்து பழைய சைக்கிளைக் கழுவினான். கைப்பிடிக்குக் கீழே சேறு கரைந்து, சிப் வெளியே தெரிந்தது.

அவன் ஓடியிருக்கலாம். கோட்டருகே காகிதத்தோடு உட்கார்ந்து நேரம் குறித்துக்கொண்டிருந்த நேரக்காரரிடம் அப்போதே சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். சைக்கிளைக் கழுவிக்கொண்டே இருந்தான். அவள் கடைசியாகக் கோட்டைத் தாண்டினாள். தாண்டியது அவள்தான் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. முதுகு எண் முழுக்கச் சேறு, முகமும்தான். நேரக்காரர் அதற்குள் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்.

மதியம் முடிவுப்பட்டியல் ஒட்டினார்கள். அவள் எண்ணுக்கு நேரே: மூன்று சுற்று. முடிக்கவில்லை.

அவள் திரும்பி அவனைத்தான் பார்த்தாள்.

"சிப்பை மாத்திக் கட்டினீங்கல்ல?"

"பின்னே?"

[இதுதான் அந்த வார்த்தை. இந்தப் பகுதி முழுக்க 'அவன்' என்று இருப்பதை அடித்துவிட்டு 'நான்' என்று போட வேண்டும். கை வரமாட்டேன் என்கிறது.]

5

அவள் சும்மா விடவில்லை. நேரக்காரரிடம் போய் நின்றாள். "மேடம், சிப் மூணுதான் காட்டுது. சேத்துல சுத்தும்போது எண்ணிக்கை தப்பறது சகஜம்" என்றார் அந்த மனுஷர், பாவம், மரியாதையாகத்தான். அவள் அவரைக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டாள். கணவன் பக்கத்திலேயே நின்று ஷூ நாடாவைக் கட்டினான்.

"நான் பாத்தேன்மா, நீ முடிச்சே" என்று வழியெல்லாம் சொன்னான்.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. புருஷன் சாட்சி செல்லுமா?"

இங்கே கதை முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். மூன்று வாரம் கழித்து அவளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் பல் கூடத்துக்குப் போனான். மேசைமேல் ஐந்து கடைவாய்ப் பற்களைச் சுற்றுக்கு ஒன்றாக வரிசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். "இது மணல்ல விழுந்தது. இது பலகையில முட்டி இடிச்சது. இது அந்தச் சிவப்புச் சட்டைக்காரி திட்டினது. இது சைக்கிள் மாத்தினது. இது மணி."

விரல் திரும்பி நாலாவது பல்லில் வந்து நின்றது.

"ஏங்க, மாத்தினது மூணாவதுலயோ? அந்த மணியும் வேற யாருக்கோ அடிச்சதோ என்னவோ." இரண்டு பற்களை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். "வயசாவுதில்ல. நம்பத் தோணுது, நம்பிட்டேன்."

அவள் தன் கால்களையே சந்தேகப்படும்படி செய்துவிட்டான். அப்போதும் "சாப்பாடு ஆறிடும்" என்றான்.

6

முடிவுகள்.

அ) அன்றே கூடத்திலேயே சொல்லிவிடுகிறான். அவள் கையிலிருந்த பல் செட்டை—

இல்லை. அவனுக்கு அவ்வளவு தைரியம் இருந்தால் இது கதையே இல்லை.

ஆ) நேரக்காரர் பழைய புகைப்படம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவன் தப்பித்துவிடுகிறான். இதை ஆசை ஆசையாக இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துப்போட்டேன்.

இ) அடுத்த பருவத்துக்கான விண்ணப்பம் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன். அதில் பெயர்கூட எழுதவில்லை. "பாப்போம்" என்கிறாள். அவள் பாப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

7

நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். பென்சிலை வைத்துக்கொண்டு படிப்பாள். எனவே மற்றவர்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.

சிப்பை நான் மாற்றிக் கட்டவில்லை. மறந்துவிட்டேன். மறந்தது தப்பு. நீ கேட்டபோது "பின்னே?" என்றது துரோகம். நேரக்காரரிடம் நான் போய்ச் சொல்லிவிட்டேன், நேற்று. பட்டியலைத் திருத்த முடியாதாம், காலம் கடந்துவிட்டதாம். உன்னிடம் கோபமில்லை என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மணி உனக்குத்தான் அடித்தது. நீ ஓட்டியது ஐந்து சுற்று. டப்பாவிலிருந்து அந்த இரண்டு பல்லையும் எடுத்து வெளியே வை.

இந்தத் தாள்களை விண்ணப்பத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறேன். நான் கொல்லைப்பக்கம் இரண்டு சைக்கிளையும் கழுவிக்கொண்டிருக்கிறேன். கழுவின சைக்கிளையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பேன். பென்சில் மேசைமேல் இருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதுகிறாயோ, இந்தத் தாளில் எழுதுகிறாயோ, இதற்குமேல் உன் கையெழுத்து.