ஒன்பது அடி

வீட்டில் கோழி வளர்க்க அனுமதி கேட்டு மனு எழுதிய ஒரே மனிதர் அந்தத் தெருவில் அளவுக்காரர்தான். மற்ற வீட்டுக் கோழிகள் தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. விதி என்று ஒன்று இருப்பது கோழிகளுக்கும் தெரியாது, வளர்த்தவர்களுக்கும் தெரியாது.

அளவுக்காரருக்குத் தெரியும். நகராட்சியில் முப்பத்திரண்டு வருடம் மனை அளந்து ஓய்வு பெற்றவர். ஆறு கோழிக்கு மேல் கூடாது, சேவல் ஆகவே ஆகாது, கூடு மனையின் எல்லையிலிருந்து பத்தடி தள்ளி இருக்க வேண்டும். மனைவி நான்கு பெட்டைக் கோழிகளை வாங்கி வந்த அன்றே மதிலிலிருந்து பத்தடி அளந்து, ஆணி அடித்து, நூல் கட்டி, அதன் பிறகே கூட்டை இறக்கினார்.

"கோழிக்கு மனு போட்ட ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். அதுங்களுக்கு ஜாதகமும் எழுதிடுங்க" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. அப்பா அளவுக்காரர், அவரும் அளவுக்காரர். தபால்காரருக்கு அந்த வீட்டுக்குக் கதவு எண் தேவைப்பட்டதில்லை. இரண்டு தலைமுறையில் எந்த ஆபீசிலிருந்தும் அந்த வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை முதல் நோட்டீஸ் வந்தது. கூடு எல்லையிலிருந்து ஒன்பது அடியில் இருக்கிறது, அனுமதி மறுக்கப்படுகிறது என்று இரண்டே வரி.

நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தார். ஒன்பதா? தன் அளவா? டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். மதிலிலிருந்து கூடு வரை பத்தடி, நூல் பிசகவில்லை. அப்படியானால் இது அளவுப் பிழை அல்ல, யாரோ செய்த வேலை. யார் என்று யோசிக்க அவருக்கு நேரமே பிடிக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் ஒருவன்தானே, டெய்லர்.

டெய்லரைத் தெரு முழுவதும் நண்டு என்றுதான் கூப்பிடும். அவன் வீட்டுப் பக்கச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து. பின்கட்டில் இருக்கும் தையல் அறைக்கு அதுதான் வழி. துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில்தான் போவான், வருவான். அந்தப் பெயரை வைத்தவர் அளவுக்காரர்.

அன்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். "நண்டு, என் வீட்டுக் கோழி உன்னை என்னய்யா பண்ணிச்சு? மொட்டைக் கடுதாசி எழுதினியா?"

டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். பதில் சொல்லாமல் மறுபடி மிதித்தான். குற்றமுள்ளவன் வாயடைத்துத்தான் போவான் என்று அளவுக்காரர் மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் வெளுத்து இஸ்திரி போட்ட சட்டையோடு ஆபீசுக்குப் போய், மறு அளவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். புகார் கொடுத்தது யார் என்றும் கேட்டார். அதிகாரி இளம்பெண். புகார் எதுவும் வரவில்லை என்றாள். மனு கொடுத்தால் இடம் பார்க்க வேண்டும், பார்த்தோம், அவ்வளவுதான் என்றாள். அவர் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளே முக்காலியில் பொருத்தி அளக்கும் ஒரு கருவியோடு வந்தாள். முதலில் அவருக்காக டேப்பிலேயே அளந்தாள்.

"மதிலிலிருந்து பத்தடி. கரெக்டா இருக்கு, ஐயா."

அளவுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆனா மதில் எல்லையில இல்லையே. அடுத்த மனைக்குள்ள ஓரடி போயிருக்கு" என்றாள் அவள்.

அந்தக் காலத்து மனைப் படத்தை விரித்துக் காட்டினாள். மறுகோடி மூலைக் கல்லிலிருந்து மதில் வரை டெய்லரின் மனை நாற்பது அடி இருக்க வேண்டும். கருவி முப்பத்தொன்பது என்றது. அளந்தவர் கையெழுத்து என்று கீழே இருந்த இடத்தில் அவருடைய கையெழுத்து, பேனா அழுத்தி எழுதும் அதே வளைவு.

தேதியைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்தது. அந்த வாரம் ஒரு லாரிச் சக்கரம் ஏறி ஆபீஸ் டேப்பின் முதல் அடி முறிந்துபோயிருந்தது. புது டேப் வரும்வரை ஒன்று என்ற கோட்டில் பிடித்து அளந்து, கடைசியில் ஒன்றைக் கழிப்பார்கள். கோப்பில் அந்த வாரத்துப் படங்கள் ஒன்பது இருந்தன. எட்டில் 'ஒன்று கழிக்கப்பட்டது' என்று ஓரத்தில் குறித்திருந்தார். ஒன்றில் மட்டும் குறிப்பு இல்லை. அது அவருடைய சொந்த மனை இருந்த படம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா ஒன்று சொல்லியிருந்தார். உன் மனையை நீ அளக்காதே, பக்கத்து மனையை முழுசாக அளந்து விட்டுவிடு, மிஞ்சுவது உன்னுடையது. யாரும் விரல் நீட்டக் கூடாது என்பதற்காக அப்படியே செய்தார். தன் பக்கத்தை ஒரு தடவை அளந்து பார்த்திருந்தால் ஓரடி கூடியிருப்பது அன்றே தெரிந்திருக்கும். கௌரவம் பார்த்து அளக்கவில்லை. ஒன்பது படத்தில் ஒன்று பிசகியது, அதுவும் அவர் பக்கம் லாபமாக. இதை மறதி என்று எவன் நம்புவான்?

அதிகாரி அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். கூட்டை ஓரடி உள்ளே நகர்த்திவிட்டால் அனுமதி தந்துவிடலாம், மதில் இருபத்தேழு வருடமாக நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் கேட்காத வரை அது தன் வேலை இல்லை என்றாள். மனைவி அதற்குள் கூட்டின் ஒரு காலைப் பிடித்துவிட்டாள்.

"விடு அதை" என்றார். 

டெய்லர் வீட்டுக்குப் போனார். பின்கட்டுக்கு அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். முதல் தடவையாக அதில் நுழைந்தார். தோள் இரண்டு பக்கமும் இடித்தது. திரும்பிப் பக்கவாட்டில்தான் போக முடிந்தது. நாற்பது அடிக்குப் போட்ட பிளானில் வீடு அப்படியே எழும்பிவிட, குறைந்த ஓரடி இந்தச் சந்தில்தான் குறைந்திருக்கிறது. நடுவழியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார்.

டெய்லர் சாக்கட்டியால் துணியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். அளவுக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவன் கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"ஓரடி குறையுதுன்னு. வீடு கட்டின வருஷமே அளந்து பார்த்தேன். அளந்தது நீங்களாச்சே, என் டேப்புதான் இழுபட்டுப் போச்சுன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கினேன்."

"புதுசுல?"

"அதுலயும் குறைஞ்சுது. அப்புறம் அளக்கிறதை விட்டுட்டேன்."

அளவுக்காரர் வெட்டு மேசையை நெருங்கினார். "கேட்டிருக்கலாமேப்பா. வாய் இல்லையா உனக்கு?"

"கேட்டு, ஊர் என்னை நம்பலைன்னா நான் பொய்க்காரன். நம்பிடுச்சுன்னா நீங்க திருடன். ரெண்டுல எதைவச்சு நான் பக்கத்து வீட்டுல குடியிருக்கிறது?" என்றான் டெய்லர். ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினான். "நண்டுன்னு கூப்பிட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் ரெண்டு நாள் தூக்கம் வரலை. அதுவும் அப்புறம் பழகிடுச்சு."

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. கோழி மனு எழுதிய அதே மேசையில் உட்கார்ந்து ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். தவறு என்னுடையது, மதிலை என் செலவில் இடித்து எல்லையில் கட்டுகிறேன் என்று எழுதி, அப்பா பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். மனைவி படித்துப் பார்த்தாள்.

"ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா?"

"தெரியும். பேசட்டும்."

"மாமா பேரை எதுக்கு இழுத்தீங்க?"

"இத்தனை நாள் அந்தப் பேரைச் சொல்லித்தானே தலை நிமிர்ந்தேன்."

அவள் பின்பக்கம் போய்க் கோழிகள் மேல் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டு, கூட்டைத் தானே இழுத்து நகர்த்தினாள்.

ஆபீசில் கழித்துப்போட்ட, முதல் அடி முறிந்த அந்தப் பழைய டேப்பை அவர் பரணில் வைத்திருந்தார். மறுநாள் அதை எடுத்து வந்து மூலைக் கல்லருகே டெய்லரைக் கூப்பிட்டார்.

"என் டேப்பு இருக்கேண்ணே, புதுசு" என்றான் டெய்லர்.

"தப்பு பண்ணினது இது. இதுலயே அளப்போம். முதல் அடி கிடையாது தம்பி, ஒண்ணுல புடி."

தம்பி என்றதும் டெய்லர் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு குனிந்து பிடித்தான். நாற்பத்தொன்று என்று சத்தமாகப் படித்து, ஒன்றைக் கழித்து, தன் பக்க மண்ணில் அளவுக்காரர் முளை அடித்தார். சுத்தியல் மூன்று முறை தவறி விரலில் விழுந்தது.

திங்கட்கிழமை கொத்தனார் மதிலை இடித்தார். கல்லும் மண்ணும் வாரிய பிறகு சந்து அகலமாக வெறிச்சென்று கிடந்தது. சாயங்காலம் டெய்லர் துணி மூட்டையோடு கடைத்தெருவிலிருந்து வந்தான். அளவுக்காரர் முளை அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்து முனைக்கு வந்ததும் டெய்லர் மூட்டையை நெஞ்சோடு அணைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நடந்து போனான்.