ஒரு லட்சத்துக்குச் சுறா வாடை

லோகநாதனின் புது காரில், அவன் கேட்ட விலைக்குத் தக்கபடி மீன் வாடை அடித்தது. பில் தொகைக்கு மேல் பத்தாயிரம் சொன்னால் நெத்திலி, ஐம்பதாயிரம் என்றால் திருக்கை, ஒரு லட்சத்தைத் தொட்டால் காய்ந்த சுறா. பில் தொகையை மட்டும் சொன்னால் புது சீட்டின் வாசனை. தண்டையார்பேட்டையில் அந்த வாரம் கத்தரிக்காய் கிலோ நாற்பது ரூபாய்.

பதினோரு மாதம் காத்திருந்து எடுத்த கார். 'சொந்த உபயோகத்துக்கு' என்று ஷோரூமில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடும்போதே, காசிமேட்டில் படகு எஞ்சின் பார்க்கும் தன் பட்டறையில், அதை விற்கப்போகும் லாபத்தில் ஒரு லேத் மெஷினை மனதுக்குள் இறக்கி வைத்துவிட்டான் லோகநாதன். சீட்டின் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாம் விலையைக் கேட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கத்து ஷெட்டில் மூன்று முறை வாட்டர் வாஷ் கொடுத்தும் பயனில்லை. போனில் சொன்னாலும் நாறியது, விரலைக் காட்டிச் சொன்னாலும் நாறியது. பதினான்கு பூனைகள் காரைச் சுற்றி முறைவைத்து உட்கார்ந்தன.

மீன் விற்கும் மனைவி பூவம்மாவிடம் எதையும் மறைக்க வழியில்லை. தெருமுனையில் வரும்போதே, "திருக்கை வாடை வருது. எவன்கிட்டயோ அம்பதாயிரம் கூட சொல்லிகினு கீற" என்பாள்.

"நீ மட்டும் இன்னா? காலைல நூறுக்கு எடுத்த மீன சாய்ந்தரம் எரநூறுக்குத் தள்றியே."

"ஐஸு போட்டு, தலைல தூக்கிகினு தெருத்தெருவா சுத்துறேன்யா. விக்கலன்னா கொட்றேன். நீ இன்னா பண்ண?"

"பதினோரு மாசம் வெயிட் பண்ணேன்."

"உன் பின்னாடி நிக்கறவங்களும்தான் நிக்கறாங்க."

அப்படிப் பின்னால் நின்றவள் ஜானட், ராயபுரத்து நர்ஸ். ஷோரூம் பட்டியலில் லோகநாதனுக்கு அடுத்த எண் அவளுடையது. வாரம் மூன்று முறை அம்மாவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கொண்டுபோகிறவள். அவள் முறைக்கு இன்னும் நாலு மாதம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வந்து விலை கேட்டாள்.

லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரை லட்சம் கூடச் சொன்னான். அந்தத் தொகைக்குத் தனி மீன் இல்லை போலும். துறைமுகம் மொத்தமும் வந்து காருக்குள் உட்கார்ந்தது. பூனைகளே எழுந்து போய்விட்டன. அம்மா மட்டும் போகவில்லை. பின்சீட்டில் ஏறி, காலை நீட்டி, நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தாள்.

"நாத்தம் பரவால்லண்ணா, தொடச்சிக்கிறேன்" என்றாள் ஜானட். "மேல கேட்டத வளையல வெச்சு குடுத்துடறேன்."

லோகநாதன் பூவம்மாவைப் பார்த்தான். அவள் கூடையில் வஞ்சிரத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்; நிமிரவில்லை. லேத் மெஷின் அவன் மனதிலிருந்து மெல்ல வண்டியேறித் திரும்பிப் போனது.

"வளையல போட்டுக்கம்மா. பில்லுல இன்னா கீதோ, அதான் வெல."

சொல்லி முடிப்பதற்குள் வாடை நின்றது. பூவம்மா அப்போதே ஜானட்டிடம் வஞ்சிரத்துக்கு விலை சொன்னாள். காரில் எந்த வாடையும் வரவில்லை. வந்திருந்தாலும் கூடைக்குப் பக்கத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

கார் இப்போது ஜானட் வீட்டு வாசலில் நிற்கிறது. அந்தத் தெருவில் வீட்டு புரோக்கர்கள் காரின் காதில் விழும்படி வாடகையைச் சொல்வதில்லை. ஆளை டீக்கடை வரை நடத்திக் கூட்டிப்போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள்.