அத்தையின் கையும் முதல் மூச்சும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அக்காவுக்குக் கை நீளம். திருடுகிற நீளம் இல்லை, அடிக்கிற நீளம். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் கியரைத் தப்பாகப் போட்டால் புறங்கையில் பட்டென்று ஒன்று விழும். கிளம்ப மறுக்கிற வண்டிக்கும் அதே மருந்துதான்.

அவளுடைய தம்பி மனைவிக்கு வலி எடுத்த அன்று, பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தம்பிக்கு ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டும். அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

“குழந்தை வந்ததும் தலைகீழாப் பிடிச்சு முதுகுல ஒண்ணு வைக்கணும். அப்பதான் மூச்சு வரும். என்னை அப்படித்தான் அடிச்சாங்களாம்.”

“அன்னைக்குத் திறந்த வாய், இன்னும் மூடல,” என்ற தம்பி சட்டென்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

உள்ளே அவன் மனைவிக்கு வலியைவிட இந்தக் கையை நினைத்துத்தான் அதிக பயம். நர்ஸைக் கிட்டே இழுத்து, “சிஸ்டர், எங்க அண்ணி கைக்கு ஏதாவது வேலை குடுத்துடுங்க,” என்று கெஞ்சினாள்.

நர்ஸின் கண்கள் முகக்கவசத்துக்கு மேலே சிரித்தன. “அந்தக் கை எனக்குப் புதுசா? அவங்ககிட்டதான் வண்டி கத்துக்கிட்டேன்.”

அக்கா உள்ளே வந்ததும் நர்ஸ் வெதுவெதுப்பான துண்டுகளை அவளுடைய இரண்டு கைகளிலும் அடுக்கினாள். “சூடு ஆறாம அணைச்சுப் பிடிச்சுக்குங்க மேடம்.”

“இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே?”

“ரிவர்ஸ்ல போய்க் குப்பைத்தொட்டியை இடிச்சது நான்தான்.”

அக்கா வாயைத் திறப்பதற்குள் குழந்தை வந்துவிட்டது. பெண். டாக்டர் அதைத் தாயின் வயிற்றின் மேல் கிடத்தினார். உடம்பெல்லாம் நீலம் பாரித்து, நனைந்த துணிபோலத் துவண்டு கிடந்தது. சத்தமே இல்லை. துண்டுகளைத் தாண்டி அக்காவின் கை உயர்ந்தது.

பட்டென்று புறங்கையில் ஓர் அடி விழுந்தது. அடித்தவள் தம்பி மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணியிடம் குரல் உயர்த்திப் பேசாதவள்.

“துண்டு!” என்றாள் நர்ஸ்.

அக்கா நீட்டினாள். நர்ஸ் குழந்தையை ஈரம்போகத் துடைத்து, முதுகை மேலும் கீழுமாகத் தேய்த்தாள். “உள்ள இருக்கறவரைக்கும் நுரையீரல் பூரா தண்ணிதான் மேடம். வேண்டிய காத்தெல்லாம் அம்மா ரத்தத்துலேருந்து தொப்புள்கொடி வழியா வந்துடும். இப்ப வெளிக்காத்து சில்லுனு பட்டிருக்கு, நாம தேய்க்கறோம். அவளே இழுப்பா பாருங்க. அந்தத் தண்ணியை உடம்பு உறிஞ்சிக்கும்.”

குழந்தையின் மூக்கு சுருங்கியது. விலாவுக்கடியில் ஒரு குழி விழுந்தது. பிறகு நெஞ்சு மேலே எழும்பியது. இன்னொரு முறை. மார்பிலிருந்து உதடு வரை சிவப்பு பரவியது. ஆனால் அழவில்லை. கண்ணைத் திறந்து, வீடு பார்க்க வந்தவள்போல அறையைச் சுற்றிப் பார்த்தது.

“அழலையே!”

“மூச்சு நல்லா விடறா இல்ல, போதும். அழறது அவ இஷ்டம். நீங்க விடுங்க மேடம், இப்ப உங்க முகம்தான் நீலமா இருக்கு.”

அக்கா அப்போதுதான் மூச்சை விட்டாள். கூடவே அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது. சுவர் அதிர ஓவென்று அழுதாள்.

வெளியே தம்பி துள்ளிக் குதித்தான். “பிறந்தாச்சு! என்ன தொண்டை பாருங்க!” அடிபட்ட காலோடு உட்கார்ந்திருந்த ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினான்.

உள்ளே தம்பி மனைவி மெல்லக் கேட்டாள்: “கை வலிக்குதா அண்ணி?”

“வலிக்காம? நல்ல அடி,” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி. அதில் பெருமைதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியை உள்ளே விட்டார்கள். குழந்தை சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

“இதுவா அப்படிக் கத்துச்சு?”

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். தம்பி மனைவி போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

“அத்தை குரல் சார்,” என்றாள் நர்ஸ். “அப்படியே அத்தை குரல்.”

தம்பி கவலையோடு மகளைக் குனிந்து பார்த்தான்.