யேசுதாஸ் மெயிலில் குடியிருந்தவர்கள்

நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை அது வந்தது. முதலில் ரம்மி ஆடக் கூப்பிடும் சீட்டுக்கட்டு. அடுத்து, கணினியில் பதின்மூன்று வைரஸ் இருப்பதாகச் சிவப்பில் அலறும் பெட்டி. அதற்கடுத்து உடுப்பு குறைந்த ஒரு பெண். போன மாதம் வீட்டு ஜெபத்துக்கு வந்த ஊழியக்காரர் முன்னால் அந்தப் பெண் வந்து நின்றாள். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் யேசுதாஸ் மானிட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேலே ஒரு துண்டையும் போட்டு மூடிவிடுவார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் மகள் சுகாசினி அந்தத் துண்டை உருவி எறிந்தாள். மாலை நான்கு மணிக்கு அவளுக்கு ஆன்லைன் தேர்வு. எழுதுகிறவளைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். தேர்வுத் திரைக்கு மேல் வேறு விண்டோ திறந்தால் ஒரு எச்சரிக்கை. இரண்டாவது தடவை திறந்தால் தேர்வு முடிந்தது. திறந்தது யார், ஏன் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்றால் அவளுக்குக் கிடைப்பது எட்டு நிமிடம்.

அது பகல் வேலைக்கான தேர்வு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் ஒன்றரை வருடம் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, ஒருநாள் காலை ஓரிக்கையில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கியவள் மறுபடி ஏறவில்லை. ஏன் என்று கொஞ்ச நாள் கேட்டார்கள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

யேசுதாஸ் பஸ் டிப்போ மெக்கானிக். இன்ஜினையே இறக்கி ஏற்றுகிறவர். அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னார்.

"மொத்தத்தையும் அழிச்சிட்டு புச்சா போடுவாங்களாமே, அத்த செய்யேம்மா."

"முடியாதுப்பா. நேத்தே இந்த சிஸ்டத்த செக் பண்ணிப் பதிஞ்சுட்டாங்க. இதுலதான் எழுதணும். அழிச்சா பதிவும் பூடும்."

"அப்ப இன்னா பண்ணப்போற?"

"ஒண்ணொண்ணா புடுங்கப்போறேன்."

முதலில் நெட் கேபிளைக் கழற்றினாள். உள்ளே இரண்டு புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று காவல் இருந்தன. ஒன்றை நிறுத்தினால் மற்றது ஒரே நொடியில் அதைக் கைதூக்கி எழுப்பிவிட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்த அவளுக்குக் கை வேகம் போதவில்லை. கணினியை அணைத்து சேஃப் மோடில் ஏற்றினாள். அதில் அவசியமானவை மட்டுமே எழும். இந்த இரண்டும் படுத்துக் கிடந்தன. அழித்தாள். காலையில் கணினி எழும்போதெல்லாம் இவற்றைத் தட்டி எழுப்ப வைத்திருந்த கட்டளையைத் தேடிப் பிடித்து அதையும் அழித்தாள். கடைசியில் பிரவுசருக்குள் கூப்பன் தருவதாகச் சொல்லி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு எக்ஸ்டென்ஷனைத் தூக்கி வெளியே போட்டாள். அரைமணி நேரம் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

கேபிளை மாட்டினாள். நான்காவது நிமிடம் சீட்டுக்கட்டு விரிந்தது.

"வந்துட்டானா?" என்றார் யேசுதாஸ் சமையலறையிலிருந்து.

அவள் மறுபடி கேபிளைக் கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. காவல்காரர்கள் இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. வந்திருந்தது எக்ஸ்டென்ஷன் மட்டும்தான். அதை யாரும் இறக்கவில்லை. நெட் இல்லாவிட்டால் வருவதில்லை. நெட் வந்ததும் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்படியென்றால் எங்கிருந்தோ வருகிறது.

பிரவுசர் மூலையில் அப்பாவின் மெயில் திறந்திருந்தது. ஒரு மெயில் எத்தனை கணினிகளில் திறந்திருக்கிறதோ, அத்தனை பிரவுசர்களுக்கும் எல்லாவற்றையும் பங்குபோட்டுக் கொடுப்பது அதன் வழக்கம். கேபிளை மாட்டி, அந்தக் கணினிகளின் பட்டியலைத் திறந்தாள். இரண்டு இருந்தன. ஒன்று இது. மற்றொன்று இரண்டு நிமிடத்துக்கு முன்புகூட வேலை செய்திருக்கிறது.

"அப்பா, இந்த மெயில யாரு போட்டுக் குடுத்தது?"

"பஸ் ஸ்டாப்பு ராமராஜன்தான். நீ எட்டாவது படிக்கச்சொல்லோ, சாதி சர்டிபிகேட்டுக்கு."

பதினோரு வருடம் ஆகிறது. பிரவுசிங் சென்டர் ராமராஜன் அந்த மெயிலைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. சுகாசினி எப்போதும் தன் பேரைத் தேடி, தனக்கு வந்ததை மட்டும் படிப்பவள். இன்றைக்குத்தான் முழுசாக இறங்கிப் பார்த்தாள். கூரத்து முனிசாமியின் காஸ் இணைப்பு. ஐயம்பேட்டை அபிநயாவின் பாலிடெக்னிக் விண்ணப்பம். யார் யாருடைய பட்டாவோ, பென்ஷனோ. மெயில் இல்லாமல் வந்து நின்ற இருபத்துமூன்று பேரை ராமராஜன் இதற்குள் குடிவைத்திருந்தார்.

பாஸ்வேர்டை மாற்றினால் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். அது அவளுக்குத் தெரிந்தது. மணி இரண்டேகால். எக்ஸ்டென்ஷனை நீக்கினாள், பாஸ்வேர்டை மாற்றினாள், இரண்டாவது கணினியை வெளியேற்றினாள். நான்கு நிமிடம் போனது. எட்டு போனது. ஒரு மணி நேரம் திரை சும்மா கிடந்தது.

மூன்று இருபதுக்குக் கேட் சத்தம் கேட்டது. கையில் ஹெல்மெட்டோடு ராமராஜன். பின்னால் கங்கையம்மாள், பட்டுநூல் சாயப்பட்டறையில் வேலை செய்பவள். விரல்களில் ஊதா இன்னும் போகவில்லை.

"இன்னாம்மா, பாஸ்வேர்ட மாத்திட்டியா?"

"ஆமாண்ணா."

"சொல்லாம கொள்ளாமயா?"

"நீங்க சொல்லிட்டா உள்ள இருந்தீங்க?"

ராமராஜன் யேசுதாஸைப் பார்த்தார். யேசுதாஸ் கூரையைப் பார்த்தார்.

"மெயிலு இல்லாம வந்து நிக்கிறவங்கள நான் இன்னா பண்றது? ஆளுக்கொண்ணு போட்டுக் குடுத்தா மறந்துட்டு வந்து என் உயிர எடுக்கிறாங்க. இது ஒண்ணுதான் ஞாபகம் நிக்கிது."

"உங்க கடை சிஸ்டத்துல ரம்மி வருதா?"

"அது எங்க வராம இருக்குது? மூடிட்டு வேலையப் பாக்கறதுதான்."

"நீங்க அங்க மூடுறீங்க. அது இங்க வந்து தொறக்குது."

கங்கையம்மாள் முன்னால் வந்தாள். "விதவை பென்ஷனுக்குப் பாரம் போடணும்மா. பழைய சிம்மு பூட்சு, நம்பரு மெயிலுக்குத்தான் வருதாம். அரை நாள் லீவு போட்டுக்கினு வந்தேன். மூணாவது தபா."

"பாஸ்வேர்ட குடு. ஒரு நிமிஷ வேலை," என்றார் ராமராஜன்.

"குடுக்க மாட்டேன். குடுத்தா நாலு மணிக்கு என் சோலி முடிஞ்சுது. கடைக்குப் போயி மறுபடி ஓடிபி கேளுங்க. போன் பண்ணுங்க, படிச்சு சொல்றேன். நாலுக்கு முன்னாடி. அப்புறம் போன அணைச்சுடுவேன்."

"இன்னா பொண்ணுபா பெத்து வெச்சிருக்க," என்றார் ராமராஜன் யேசுதாஸிடம்.

"நீயும் ஏன்யா வாய் பேசிக்கினு நிக்கிற?" என்றாள் கங்கையம்மாள். "வண்டிய எடு."

மூன்று ஐம்பத்தொன்றுக்குப் போன் அடித்தது. சுகாசினி ஆறு எண்களையும் இரண்டு தடவை படித்தாள். அந்தப் பக்கம் ராமராஜன் ஒவ்வொன்றாகத் தட்டுவது கேட்டது. "ஏத்துக்கிச்சு," என்றார். பின்னாலிருந்து கங்கையம்மாள் ஏதோ கத்தினாள். சுகாசினி போனை அணைத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"அஞ்சரை வரைக்கும் யாரும் தட்டக் கூடாது."

யேசுதாஸ் ஒரு ஸ்டூலை இழுத்து வாசற்கதவை மறித்துப் போட்டு, கேட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

நான்கு மணிக்கு முதல் கேள்வி வந்தது. நான்காவது நிமிடம் மவுஸில் இருந்த கை அசையாமல் நின்றது. கேள்வியைத் தவிரத் திரையில் வேறொன்றும் இல்லை. எட்டாவது நிமிடமும் போனது. அதற்குமேல் அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு வெளியே வந்து, ஒரு பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"பாஸ் ஆயிடுவியா?" என்றார் யேசுதாஸ்.

"தெரியாதுப்பா. பாதியில நிக்கல."

"இப்ப எங்க கெளம்பிட்ட?"

"பஸ் ஸ்டாப்புக்கு. அந்த சிஸ்டத்தையும் புடுங்கணும். அப்புறம் இருபத்துமூணு பேருக்கும் தனித்தனியா மெயிலு போடணும்."

"நீ ஏம்மா போடணும்? அவன் போடட்டும்."

"அவருதான் போடப்போறாரு," என்று கேட்டைத் திறந்தாள். "நான் பக்கத்துல நிக்கப்போறேன்."