கொத்தில் வந்த காட்டுக் கடுகு

கல்யாண நாளைச் சுத்தமாக மறந்துவிட்டு, சாயங்காலம் அசடு வழியச் சிரித்தபடி ஒரு மஞ்சள் பூங்கொத்தை நீட்டினார் என் வீட்டுக்காரர். கூட்டல் குறிபோல நாலே இதழ். காட்டுக் கடுகு! களைச்செடியா எனக்குப் பூங்கொத்து? திட்ட வாயெடுத்தவள், தண்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

தண்டு வீங்கி வளைந்திருந்தது. இலைக்கு அடியில் வெள்ளைக் கொப்புளங்கள். நகத்தால் கீறினேன், மாவாக உதிர்ந்தது. வெள்ளைத் துரு!

எனக்குப் பயிர்நோய் ஆய்வகத்தில் வேலை. கடுகு வயலை அழிக்கும் இந்த ஒட்டுண்ணி நோய் காட்டுச் செடியிலும் ஒளிந்திருக்கிறது என்று ஒற்றைக் காலில் நிற்கிறேன். "ஒரு செடியக் காட்டும்மா, ஒத்துக்கறேன்" என்று மேலதிகாரி சிரிக்கிறார். நாளையோடு நோய்க் கணக்கெடுப்பு முடிகிறது. வயல் வயலாகக் குனிந்து தேடியதில் இடுப்பு போனதுதான் மிச்சம். இப்போது செடி கையில் இருக்கிறது. ஆனால் முளைத்த இடம் தெரியாவிட்டால் செல்லாது.

"என்னங்க, இது எங்க கெடச்சுது?"

"பூக்கடையில."

"எந்தக் கடை?"

"அது... புதுசா தொறந்திருக்கான்."

"வேரும் மண்ணுமாவா குடுத்தான்?"

அவர் தலையைச் சொறிந்தார். "திட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"திட்டறதா! எடத்தச் சொல்லுங்க, உங்களத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடறேன்!"

"உன் ஆபீஸ் கேட் பக்கத்துல."

ஐயோ! தினமும் நான் மிதிக்காத குறையாகத் தாண்டிப் போகும் இடம்! அவசரத்தில் காலுக்கொரு ஜோடிச் செருப்பை மாட்டிக்கொண்டு, அவரையும் பின்னால் ஏற்றி ஸ்கூட்டரைக் கிளப்பினேன். கேட்டோரம் புதராக நின்றது காட்டுக் கடுகு, பாதிக்கு மேல் வெள்ளைக் கொப்புளம். வீட்டுக்குக் கிளம்பிய மேலதிகாரியை இழுத்து வந்து காட்டினேன். குனிந்தார், கீறினார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கீறினார்.

"ஒத்துக்கறேன்மா" என்றார்.

காவலாளி பார்க்கிறாரே என்றுகூட எண்ணாமல் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துச் சுற்றினேன்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கே" என்றார் அவர், மூச்சு வாங்க. நான் கையோடு கொண்டுவந்த பூங்கொத்தைக் காகித உறைக்குள் போட்டு ஒட்டினேன். "ஏய், அது நான் குடுத்த பூ!"

"இனிமே அது சாட்சி."

அவர் முகம் வாடிவிட்டது. புதரில் தேடி, நோய் தொடாத ஒரு பூவைப் பறித்து அவரிடமே கொடுத்துவிட்டு, தலையில் வைக்கச் சொல்லிக் குனிந்தேன். இத்தனை நாள் குனிந்ததில் இடுப்பு வலிக்காதது அந்த ஒரு தடவைதான்.